திட்டம் சுவரில், வேலை பழையபடி: எங்கே இடிக்கிறது என்று பார்க்கும் முறை

மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் சிறு தொழில் நடத்தும் நம்மவர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பது என் வேலை. நாம் ரேம்ப் என்று சொல்லும், செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வாங்கும் நிலையம், லோரி நிறுவனம், தோட்டங்களுக்கு அறுவடை ஆள் கொடுக்கும் குத்தகையாளர், உரக்கடை, மளிகைக் கடை எனப் பத்துப் பேர் முதல் அறுபது பேர் வரை வேலை செய்யும் இடங்கள். போகிற இடமெல்லாம் புகார் ஒன்றுதான்: "புதுத் திட்டம் போட்டோம், எல்லாரும் தலையாட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை." அப்பாவிடமிருந்து மகனிடம் பொறுப்பு மாறியிருக்கும், இல்லையென்றால் இரண்டாவது கிளை திறந்திருப்பார்கள், நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்குப் போயிருப்பார்கள். மாற்றம் எதுவானாலும் பழுது திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் வருகிறது. ஆகவே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றின் கீழும் காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதலாவதைப் பார்க்காமல் கடைசிக்குத் தாவ வேண்டாம். ஆயிரக்கணக்கில் ஆலோசகருக்குக் கொடுத்த பிறகு, மண்டோரிடம், அதாவது களத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியிடம், யாரும் விஷயத்தைச் சொல்லவே இல்லை என்று தெரிய வந்த இடங்கள் உண்டு.

## முதல் சோதனை: எல்லாருக்கும் பொது

காலைப் பெரட்டு (ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம்) முடிந்ததும் மூன்று பேரைத் தனித்தனியாகப் பிடியுங்கள்: ஒரு மண்டோர், அலுவலகத்தில் ஒரு கிராணி (எழுத்தர்), களத்தில் ஒரு தொழிலாளி. கேள்வி ஒன்றே ஒன்று: "புதுத் திட்டத்தால் போன வாரம் நீங்கள் எந்த வேலையை வேறு மாதிரி செய்தீர்கள்?"

திட்டம் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். முதலாளி கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு:

- "எந்தத் திட்டம்?" என்றால் அறிகுறி 1.
- "தெரியும், நேரம்தான் இல்லை" என்றால் அறிகுறி 2.
- "செய்து பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை" என்றால் அறிகுறி 3.
- "யார் சொல்வதைக் கேட்பது?" என்றால் அறிகுறி 4.
- "எல்லாம் நன்றாகப் போகிறது" என்கிறார்கள், வங்கிக் கணக்கு வேறு சொல்கிறது என்றால் அறிகுறி 5.
- "முதலில் செய்தோம், இப்போது இல்லை" என்றால் அறிகுறி 6.
- பாதியில் பணம் தீர்ந்துவிட்டது என்றால் அறிகுறி 7.
- கேட்கப் போனால் ஆளே இல்லை, வேலையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றால் அறிகுறி 8.

மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால், சின்ன எண்ணுள்ள அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

## அறிகுறி 1: "எந்தத் திட்டம்?"

### மொழி மாறும்போது உதிர்ந்ததா?

கோலாலம்பூரில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட திட்டம் அலுவலகத்தில் மலாய்க் கடிதமாகிறது. களத்தில் தமிழர், இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி என்று நாலு மொழிக்காரர்களின் காதுக்குப் போகிறது. கை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு உதிரும். மண்டோரைத் தன் ஆட்களிடம் விளக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று கேளுங்கள். நடுவில் திருத்த வேண்டாம். அவர் விட்டுவிடும் பகுதிதான் உங்கள் ஆட்களுக்குப் போய்ச் சேராத பகுதி.

### சொன்னது திட்டமா, வாசகமா?

ஒரு ரேம்பில் "தரமே நம் அடையாளம்" என்று பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். அதன் கீழேயே ஒரு லோரி பச்சைக் குலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. பலகையை எழுதியவரும் அங்கேதான் நின்றார். அந்த வாசகத்தை எடுத்துவிட்டு எழுதியது இது:

"வரும் திங்கள் முதல் பழுக்காத குலை இங்கே இறங்காது, வந்த லோரியிலேயே திரும்பும். பழுத்ததா இல்லையா என்று சொல்வது தரம் பார்க்கும் தம்பி. அவர் சொன்ன பிறகு அலுவலகத்தில் முறையிடுவது இனி இல்லை. இன்று காலை வெட்டிய குலை நாளைக் காலைக்குள் ஆலையில் இருக்க வேண்டும்."

குலை வெட்டி நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும். 24 மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்லி ஆலைகள் நெருக்குவது அதனால்தான். இதைத் தொழிலாளியிடம் விளக்கினால் நல்லது, ஆனால் விளக்கம் நாளைக்கும் சொல்லலாம். யார், எதை, எப்போது முதல், இனி எது கிடையாது என்ற நான்கும் இன்றே எழுத்தில் இருக்க வேண்டும். நான்காவதை எழுதத்தான் முதலாளிகளுக்குக் கை வராது. அலுவலகத்தில் முறையிடும் வழி திறந்திருக்கும்வரை தரம் பார்க்கும் தம்பியின் சொல்லுக்கு மதிப்பில்லை.

### மண்டோருக்கு முதலில் சொன்னீர்களா?

ஆட்களோடு ஆளாக அவரையும் நிற்க வைத்து அறிவித்தால் அவர் எதிர்த்துப் பேச மாட்டார். சும்மா இருப்பார். திட்டம் படுத்துக்கொள்ள அதுவே போதும். முதல் நாள் மாலையே அவரைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, "அண்ணன், இதில் எது நடக்காது?" என்று கேளுங்கள். இரண்டு குறையாவது சொல்வார். அதில் ஒன்றையாவது திருத்திவிட்டு மறுநாள் அறிவியுங்கள்.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவையே இல்லை. யாராவது பயிற்சிப் பட்டறை நடத்தலாம் என்று வந்தால், மேலே சொன்னதை முதலில் செய்துவிட்டுப் பேசுங்கள்.

## அறிகுறி 2: "தெரியும், நேரம்தான் இல்லை"

சோம்பல் என்று நினைத்துத் திட்டுவதற்கு முன்னால் அந்த ஆளின் ஒரு நாளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

ஒரு குத்தகையாளர் அலுவலகத்தில் அப்படி உட்கார்ந்து பார்த்தது: மண்டோர் சட்டைப் பையிலிருந்து வியர்வையில் ஊறிய சின்ன நோட்டை எடுக்கிறார். பென்சில் எழுத்து. அலுவலகத்து அக்கா அதைப் பார்த்துப் பெரிய செக்ரோல் (வருகை, கூலிப் பதிவு) புத்தகத்தில் பேனாவால் எழுதுகிறார். பிறகு அதையே புதுச் செயலியில் தட்டுகிறார். பிறகு செக்ரோல் பக்கத்தைப் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) முதலாளிக்கு அனுப்புகிறார், ஏனென்றால் முதலாளி செயலியைத் திறப்பதில்லை. மாதக் கடைசியில் கணக்காளருக்காக எக்செல்லில் இன்னொரு முறை. ஒருவர் வெட்டிய 186 குலை, எக்செல்லுக்கு வந்து சேரும்போது 168 ஆகியிருந்தது. செயலி வாங்கியதால் வேலை குறையும் என்று முதலாளி நினைத்திருந்தார். அக்காவுக்கோ ஒரு வேலை கூடியிருந்தது.

### சரி செய்யும் வரிசை

முதலில், முதலாளி தானே செயலியைத் திறக்கப் பழக வேண்டும். காசு செலவில்லை, கௌரவம் மட்டும் கொஞ்சம் செலவாகும். புலனத்துக்குப் படம் அனுப்புவது அன்றே நிற்கும்.

அடுத்து, பழைய புத்தகத்துக்கு முடிவுத் தேதி வையுங்கள். இரண்டு சம்பள மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். தொகை ஒத்துவந்தால் மூன்றாவது மாதம் பெரிய புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பேரேட்டில் வரவுக்கு எதிரே பற்று எழுதுவது போல, ஒரு புது வேலை கொடுத்தால் எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய வேலையை அடித்தாக வேண்டும். எதை அடித்தீர்கள் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தப் பக்கம் சமன் ஆகாது.

மூன்றாவது, காலம். இந்த நாட்டில் செம்பனை விளைச்சல் பொதுவாக ஆண்டின் பிற்பாதியில், செப்டம்பர், அக்டோபர் ஒட்டி உச்சத்துக்குப் போகும். தீபாவளியும் அதை ஒட்டியே வரும். அந்த நேரத்தில் புது முறையைத் தொடங்கும் ரேம்புக்காரர் தன் கையாலேயே அதைக் கெடுக்கிறார். பிப்ரவரி, மார்ச் பாருங்கள்.

தள்ளிப்போட முடியாத மாற்றம் ஒன்று உண்டு: இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனைச் சீட்டை இணையம் வழி வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை. ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கி, 2025 ஜனவரியில் 25 மில்லியனுக்கு மேல், 2025 ஜூலையில் 5 மில்லியனுக்கு மேல் எனப் படிப்படியாக இறங்கி வந்தது. 2026 ஜனவரியில் 1 மில்லியனுக்கு மேல் உள்ளவர்களைத் தொட்டது. விளைச்சல் உச்சமா, பெருநாளா என்று வருமான வரி வாரியம் பார்க்காது. ஆகவே அதை முன்னால் வைத்து, உங்கள் சொந்தத் திட்டங்களை அதற்குப் பின்னால் தள்ளுங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் ஒரே அக்காவின் மேசையில் வைக்காதீர்கள்.

### வெளியாளைக் கூப்பிடும் கட்டம்

இரண்டு மாதம் சேர்த்து ஓட்டியும் தொகை ஒத்துவராவிட்டால் மென்பொருள் விற்றவரைக் கூப்பிடுங்கள். ஒத்துவருகிறது, ஆனால் ஆளுக்குப் பழக்கமில்லை என்றால் பயிற்சி போதும். பத்து அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர் உள்ள பல துறை நிறுவனங்கள், பயிற்சி நிதியைக் கவனிக்கும் அரசு அமைப்பான எச்.ஆர்.டி. கோர்ப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு தீர்வை கட்டுகின்றன. கட்டிய பணம் பயிற்சிக்காகக் கேட்டு வாங்கக் காத்திருக்கிறது. அதைக் கேட்காமலே விட்டுவைத்திருக்கும் கடைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

## அறிகுறி 3: "செய்து பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை"

நான் பார்த்த பழுதுகளில் அதிகம் இதுதான். மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். பழைய வேலைக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு, புது வேலைக்கு உபதேசம் மட்டும் கொடுப்பார்கள்.

அறுவடைக்காரருக்கு எடைக்குக் கூலி. திட்டம் சொல்கிறது: பழுத்த குலையை மட்டும் வெட்டு, உதிரிப்பழத்தை ஒன்று விடாமல் பொறுக்கு. பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் நிறைய. முதலாளிக்கு அது பொன். ஆனால் புல்லுக்குள் குனிந்து உதிரி பொறுக்கும் அரை மணி நேரத்தில் அந்த ஆள் இன்னும் சில மரங்களை முடித்திருப்பார். பழுக்காத குலையும் தராசில் எடை காட்டத்தான் செய்கிறது. திட்டத்தை மதித்து நடந்தவருக்கு மாதக் கடைசியில் கூலி குறைகிறது. மதிக்காதவருக்குக் கூடுகிறது. அடுத்த மாதம் இருவரும் ஒரே மாதிரிதான் வெட்டுவார்கள்.

லோரியிலும் அப்படியே. நடைக்குக் காசு கொடுத்துவிட்டு, டயரைப் பார், மெதுவாகப் போ, அதிக பாரம் ஏற்றாதே என்றால் ஓட்டுநர் எதைக் கேட்பார்? உரக்கடையில் விற்பனைக்குக் கமிஷன் கொடுத்துவிட்டு, கடனை வசூலிப்பதே இந்த ஆண்டின் இலக்கு என்றால், விற்பனைத் தம்பி கடனுக்கு இன்னும் பத்து மூட்டை கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

### சோதனை

கடைசி மூன்று மாதச் சம்பளப் பட்டியலை எடுங்கள். அதிகம் வாங்கிய மூன்று பேர், குறைவாக வாங்கிய மூன்று பேர். அவர்கள் பெயருக்கு எதிரே, புதுத் திட்டப்படி நடப்பவரா இல்லையா என்று மண்டோரைக் கேட்டுக் குறியுங்கள். அதிகம் வாங்குபவர்கள் திட்டத்தை மீறுபவர்களாக இருந்தால் பழுது கிடைத்துவிட்டது. உங்கள் ஆட்கள் உங்கள் சொல்லைக் கேட்கவில்லை, உங்கள் சம்பளப் பட்டியலைக் கேட்கிறார்கள்.

### சரி செய்யும் வரிசை

செலவில்லாதது: முரணாக நிற்கும் ஊக்கத்தொகையை நிறுத்துவது. "இந்த மாதம் அதிக எடை வெட்டியவருக்குப் பரிசு" என்று ஒரு பக்கம் பழைய அறிவிப்பு தொங்கிக்கொண்டிருக்கும். அதை இறக்குங்கள்.

கொஞ்சம் செலவு: புது வேலைக்குத் தனி விலை. உதிரிப்பழத்துக்குக் கிலோவுக்குத் தனிக்கூலி, குலை எடையோடு சேராமல் தனிச் சாக்கில். விலையை நிர்ணயிக்கும் முன் நீங்களோ மண்டோரோ ஒரு மணி நேரம் பொறுக்கிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் குலை வெட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைவிட உதிரிக்கூலி குறைவாக இருந்தால் சாக்கு காலியாகத்தான் வரும்.

அதிகச் செலவு: சம்பள முறையையே மாற்றுவது. இங்கே நிதானம் வேண்டும்.

### இதற்கு மேல் தனியாகப் போகாதீர்கள்

2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும், ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும், குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். எடைக்கோ நடைக்கோ கமிஷனுக்கோ கூலி கொடுத்தாலும் மாத வருமானம் அதற்குக் கீழே போகக்கூடாது. புது முறையில் யாருக்காவது அதற்குக் கீழே வந்தால் மீதியை நீங்கள் இட்டு நிரப்ப வேண்டும். கணக்குப் போடும்போதே அதையும் சேருங்கள்.

பழுக்காத குலைக்கு அபராதம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு வரையறுத்து வைத்திருக்கிறது. இந்த அபராதம் அதில் இல்லை. லோரியைத் திருப்பி அனுப்புங்கள், ஆளின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் சம்பள முறையை அடியோடு மாற்றினால், தன்னை வேலையை விட்டு விரட்டியதாக அவர் வழக்கு எழுப்பலாம். வேலை நீங்கிய 60 நாளுக்குள் அவர் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம் என்று 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் சொல்கிறது. தோட்டத் தொழிலாளர் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் உள்ள இடமென்றால் சங்கத்தோடு பேசாமல் ஒரு காசைக்கூட மாற்ற முடியாது. தொழிலாளர் சட்டம் தெரிந்த ஆலோசகருக்குக் கொடுக்கும் பணம் இந்த ஒரு கட்டத்தில் வீண் போகாது. மாற்றிய பிறகு போகாதீர்கள், மாற்றும் முன்னரே போங்கள்.

## அறிகுறி 4: "யார் சொல்வதைக் கேட்பது?"

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு முன் மேசையில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகை படிக்கிறார். படித்துவிட்டு வந்த மகன் உள்ளறையிலிருந்து உத்தரவு கொடுக்கிறார். இருபது வருடம் வேலை பார்த்த மேற்பார்வையாளர், "சரி தம்பி, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்" என்கிறார். மரியாதையாகத்தான் சொல்கிறார். மகனின் திட்டம் அந்த வாசலைத் தாண்டுவதில்லை.

### சோதனை

கடைசியாகப் பணம் சம்பந்தப்பட்ட பத்து முடிவுகளை எழுதுங்கள். டயர் வாங்கியது, முன்பணம் கொடுத்தது, ஒரு வாடிக்கையாளருக்குக் கடன் நீட்டித்தது. ஒவ்வொன்றிலும் கடைசிச் சொல் யாருடையது என்று குறியுங்கள். பெயர்ப்பலகை என்ன சொன்னாலும், அந்தப் பட்டியல்தான் நிர்வாகி யார் என்று சொல்லும்.

### சரி செய்யும் வரிசை

ஒரு தாள் போதும். உதாரணமாக 500 ரிங்கிட் வரை மேற்பார்வையாளர், 5,000 வரை மகன், அதற்கு மேல் இருவரும் சேர்ந்து. ஆள் எடுப்பது யார், விலை சொல்வது யார் என்று இரண்டு வரி கூட்டலாம். அப்பாவுக்கு உண்மையான பொறுப்பு ஒன்றை அதில் எழுதுங்கள். பழைய நிலக்காரர்களோடு பேசிக் குலையை நம் ரேம்புக்கே வரவைப்பது அவரால் முடியும், மகனால் முடியாது. வெறும் ஆலோசகர் என்று எழுதினால் அவர் மறுபடி டயர் விலை கேட்க வருவார்.

தாளை அப்பாவே ஆட்கள் முன் வாசிக்க வேண்டும். மகன் வாசித்தால் அது இன்னொரு உத்தரவு, அவ்வளவுதான்.

பிறகு வங்கி. காசோலைக் கையெழுத்து இன்னும் அப்பா ஒருவருடையதாகவே இருந்தால் மேலே எழுதிய தாளுக்கு வலு இல்லை. செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) என்றால் கம்பெனி செயலாளரைக் கூப்பிட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்தை மாற்றுங்கள். எண்டர்பிரைஸ் என்று ஒருவர் பெயரில் பதிந்த தொழில் என்றால் விஷயம் இன்னும் அவசரம். சட்டத்தின் கண்ணில் அந்தத் தொழிலும் அந்த மனிதரும் ஒன்று. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் கணக்கு முடங்கும், மறுநாள் டீசலுக்குக் காசு எடுக்க முடியாது. பங்கு, உயில், பெயர் மாற்றம் என்று பேச்சு வரும் அன்றே வழக்கறிஞரிடம் போங்கள்.

அப்பாவிடம் இதை யார் பேசுவது என்பது தனிக் கேள்வி. ஆலோசகர் பேசினால் எழுந்து போய்விடுவார். தாய்மாமனோ, கோவில் கமிட்டியில் அவர் மதிக்கும் ஒருவரோ பேசட்டும்.

## அறிகுறி 5: அறிக்கையில் எல்லாம் நலம், வங்கியில் பணம் இல்லை

முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் எதை எண்ணுகிறீர்கள் என்பது. எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் பயிற்சிக்குப் போனார்கள் என்பதை எண்ணினால் எண்கள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கையில் இருப்பதை எண்ணுங்கள். ரேம்புக்காரர் எண்ணெய் விழுக்காட்டைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை. இருபது விழுக்காட்டை ஒட்டி வரும் அந்த எண் ஆலையுடையது, பல ரேம்புகளின் குலை அங்கே கலந்துவிடுகிறது. ஆலை தள்ளிவிட்ட குலை எவ்வளவு, வெட்டியதிலிருந்து ஆலை வாசல்வரை எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற இரண்டும் உங்களுடையவை. கடைக்காரருக்கு 60 நாளைத் தாண்டிய கடன். லோரிக்காரருக்கு நடைக்கு எத்தனை லிட்டர் டீசல். இரண்டு எண் போதும். ஏழு எண் வைத்தவர் எதையும் பார்ப்பதில்லை.

எண் சரி, ஆனால் நம்ப முடியவில்லை என்றால் ஒரு நாள் நீங்களே எண்ணுங்கள். ரேம்பின் எடைச்சீட்டையும் ஆலையின் எடைச்சீட்டையும் தேதி வாரியாக அடுத்தடுத்து வையுங்கள். சிறிய வித்தியாசம் இயல்பு. ஒரே லோரியில், ஒரே ஓட்டுநருக்கு, எப்போதும் ஒரே பக்கமாக வித்தியாசம் விழுந்தால் இயல்பு இல்லை.

கெட்ட எண்ணைக் கொண்டுவந்தவரைப் போன முறை என்ன செய்தீர்கள் என்பதையும் யோசியுங்கள். பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் திட்டியிருந்தால் இனி உங்களுக்கு நல்ல எண்கள் மட்டுமே வரும்.

திருட்டு என்று சந்தேகம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவது, அன்றே போகச் சொல்வது இரண்டும் உங்களையே கடிக்கும். ஒழுங்கு மீறலுக்காக வேலை நீக்கும் முன் முறையான விசாரணை வேண்டும் என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. தணிக்கையாளர் முதலில், விசாரணை அடுத்து.

## அறிகுறி 6: மூன்றாவது மாதம் பழையபடி

முதலாளியின் கவனம் வேறு பக்கம் போயிருக்கும். இதுதான் காரணம் என்று பாதிக்கு மேற்பட்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பெரட்டில் நின்றபடியே பத்து நிமிடம், வாரம் ஒரு முறை, அறிகுறி 5இல் சொன்ன இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள். உட்கார்ந்தால் அது கூட்டமாகிவிடும். நடுவில் இன்னொரு புதுத் திட்டம் அறிவித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அறிவித்திருந்தால் ஆட்கள் பழையதை விட்டுவிட உங்கள் அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டும் இல்லையென்றால், பழைய வழி இன்னும் திறந்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த வயதான பெண்களைக் கேட்டால், பூவுக்கு மகரந்தப் பொடி ஊதும் வேலையைப் பற்றிச் சொல்வார்கள். 1981இல் கேமரூனிலிருந்து மகரந்தம் பரப்பும் சின்ன வண்டு கொண்டுவந்து விடப்பட்ட பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. யாரையும் பழைய பழக்கத்தை விடச் சொல்லி வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை, பொடி ஊதத் தேவை இல்லை, முடிந்தது. உங்கள் கடையிலும் பழைய பில் புத்தகம் கல்லாப்பெட்டியின் கீழே இருக்கும்வரை, கூட்டம் கூடும் சனிக்கிழமை மாலை கை அதற்குத்தான் போகும். புத்தகத்தை எடுத்துவிடுங்கள். பழைய விலைப்பட்டியல், பழைய புலனக் குழு, பழைய சாவி, எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான்.

வெளியாள் தேவையில்லை, ஒன்றைத் தவிர: இதே திட்டம் மூன்றாவது முறையாகவும் சரிந்தால், உங்களைத் தெரியாத ஒருவரை அழைத்து ஆட்களிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள். அறிக்கையில் உங்கள் பெயர் வந்தால் கோபப்பட மாட்டேன் என்று நீங்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 7: பாதியில் பணம் தீர்ந்தது

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். அப்படிப்பட்ட ஊரில், 25 ஆண்டு மரத்தை வெட்டி மறுநடவு செய்யும் சிறு தோட்டக்காரர், புதுக் கன்று காய்க்க ஏறக்குறைய மூன்று ஆண்டு பிடிக்கும் என்பதைத் தெரிந்தே வைத்திருக்கிறார். ஆனால் அந்த மூன்று ஆண்டுக்கும் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று தாளில் எழுதுவதில்லை. இரண்டாவது கிளை, புது லோரி, எல்லாவற்றுக்கும் இதே கதை.

மாதம் வாரியாக வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று வரிசை எழுதுங்கள். கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும் முதல் மாதம்தான் உங்கள் திட்டத்தின் உண்மையான முடிவுத் தேதி. அதைத் தள்ளிப்போட மலிவான வழி, திட்டத்தைத் துண்டாக்குவது: எல்லாப் பகுதியையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் மூன்றில் ஒரு பங்காக வெட்டுவது, கிளை திறக்காமல் வாரத்தில் இரண்டு நாள் வண்டி விற்பனை பார்ப்பது. சொந்தச் சிறு தோட்டமென்றால் மலேசியச் செம்பனை வாரியத்தில் சிறு தோட்டக்காரருக்கு ஆலோசனை சொல்லும் துனாஸ் அதிகாரியிடம் பேசுவதற்குக் காசில்லை.

வங்கியிடம் போவதானால் தவணை தவறும் முன்பு போங்கள். தவறிய பிறகு பேசும் அதிகாரி வேறு, குரலும் வேறு.

## அறிகுறி 8: நல்ல ஆட்கள் போகிறார்கள், அல்லது ஆளைக் குறைக்கப் போகிறீர்கள்

தாமாகப் போகிறவர்களிடம் கடைசி நாளில் காரணம் கேட்டால் சம்பளம் என்பார்கள். ஒரு மாதம் கழித்துத் தேநீர்க் கடையில் கேளுங்கள். புது மேலாளர் பேசிய விதம், மகனைப் பார்க்கக் காத்திருக்க வைத்தது என்று வேறு காரணம் வரும். அறிகுறி 4க்குத் திரும்பிப் போங்கள்.

ஆட்குறைப்பு என்றால் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்றுதான்: போகவிருப்பவர் தோட்டத்து வீட்டிலோ உங்கள் செலவில் உள்ள வீட்டிலோ குடியிருக்கிறாரா? அப்படியானால் நீங்கள் பறிப்பது ஒரு வேலையை மட்டும் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கிழவியின் கிளினிக், எல்லாம் அந்த முகவரியில் தொங்குகின்றன. வீட்டுக்கான காலக்கெடுவை வேலைக்கான காலக்கெடுவிலிருந்து பிரித்து, பள்ளி ஆண்டு முடியும்வரையாவது கொடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் எஞ்சியிருப்பவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அடுத்த அறிவிப்புக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை அங்கே முடிவாகிறது.

மற்றதெல்லாம் சட்டம், தொழிலாளர் இலாகா, ஆலோசகர். ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்னதாக இலாகாவுக்குப் படிவம் போக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு காலம் இல்லையென்றால் அறிவிப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்தவருக்கு நான்கு வாரம், ஐந்து ஆண்டுவரை ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். சட்டத்தின் வரம்புக்குள் வரும் சம்பளக்காரர்களுக்கு இழப்பீடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் முறையே 10, 15, 20 நாள் சம்பளம். ஒரே வேலையில் உள்ளூர்த் தொழிலாளியும் அந்நியத் தொழிலாளியும் இருந்தால் உள்ளூர்க்காரரை முதலில் நிறுத்த முடியாது. வேலை இழந்த மலேசியர், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். இதைப் பலர் அறியாமலே நாளைத் தவறவிடுகிறார்கள், ஆகவே கடைசிச் சம்பளச் சீட்டோடு அந்தத் தகவலையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இலாகாவுக்கோ ஆலோசகரிடமோ போகும்போது ஒவ்வொருவரின் வேலை சேர்ந்த தேதி, கடைசி பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு, விடுப்புக் கணக்கு, சேமநிதி, பெர்க்கேசோ கட்டிய ரசீது, எந்த வேலை ஏன் இல்லாமல் போகிறது என்று ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அந்தக் கடைசிக் குறிப்பை எழுத முடியவில்லை என்றால் இன்னும் யாரையும் நிறுத்தும் கட்டத்துக்கு நீங்கள் வரவில்லை.